ஈறு நோயின் வேகம்: மலையகத் தோட்டத் தொழிலாளர்களிடம் எடுத்த அளவு

பல் மருத்துவம் படிக்கிறவர்கள் ஈறு நோய்ப் பாடத்தில் 8, 81, 11 என்ற மூன்று விழுக்காடுகளை எப்படியும் படித்திருப்பார்கள். பல் துலக்காமல், பல் வைத்தியமும் பார்க்காமல் இருக்கும் 100 பேரில் 8 பேருக்கு ஈறு நோய் விறுவிறுவென முற்றிப் பற்கள் விழும், 81 பேருக்கு நிதானமாக நகரும், 11 பேருக்கு ஈறு வீங்குவதோடு நின்றுவிடும் என்பது அதன் பொருள். இந்த எண்கள் இலங்கை மலையகத்தில் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 தமிழ் ஆண்களின் வாயிலிருந்து வந்தவை. யாருடைய வாய் என்பது மனப்பாடம் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. எண்ணின் பொருளையும் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அதுதான் நோயாளிக்கு நேரடியாகக் கேடு செய்வது.

ஆய்வைத் தொடங்கியவர் நோர்வேயைச் சேர்ந்த ஹரால்ட் லோ. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில் அவர் நடத்திய இன்னொரு சோதனையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. நல்ல ஈறு உள்ள 12 பேர், பெரும்பாலும் முதலாண்டு மாணவர்கள், பல் துலக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாளுக்குள் 12 பேருக்குமே ஈறு சிவந்து வீங்கியது. பல்லின் மேல் படிந்த படலத்தை நுண்ணோக்கியில் பார்த்ததில், முதலில் இருந்தவை உருண்டையும் குச்சியுமான சாதாரணப் பாக்டீரியாக்கள். 2 முதல் 4 நாளில் இழை வடிவங்கள் சேர்ந்தன. 4 முதல் 9 நாளில் சுருள் வடிவக் கிருமிகள் வந்தன. மறுபடி துலக்க ஆரம்பித்து ஒரு வாரம் போல ஆனதும் ஈறு பழையபடி ஆகிவிட்டது. சத்துக் குறைவு, வயது, உடல்வாகு என்று ஈறு வீக்கத்துக்கு அதுவரை சொல்லிவந்த காரணங்கள் பின்னுக்குப் போயின. படலம் படிந்தால் வீங்கும், எடுத்தால் வடியும். யாருக்கும் விலக்கு இல்லை.

மூன்று வாரச் சோதனை மூன்று வாரத்துக்குத்தான் பதில் சொல்லும். வீக்கத்தை அப்படியே 20, 30 ஆண்டு விட்டுவைத்தால் என்ன ஆகும்? மாணவர்களை வைத்து இதைச் சோதிக்க முடியாது. இயல்பாகவே அப்படி வாழ்கிறவர்களைத் தேட வேண்டியிருந்தது.

1969இல் ஒஸ்லோவில் 565 மாணவர்களையும் கல்வியாளர்களையும் ஒரு தரப்பாகச் சேர்த்தார்கள். பள்ளிக் காலம் முதல் ஒழுங்கான பல் வைத்தியம் கிடைத்தவர்கள். மறு தரப்பு, 1970இல் மலையகத்தின் 480 பேர். பிரஷ் இல்லை, பல் மருத்துவர் இல்லை. பற்களில் படலமும், அது இறுகிக் கல்லான காரையும், கறையும் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் கெட்டியாக இருந்தன. ஆய்வாளர்களுக்கு வசதியான இன்னொன்று, சொத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் ஒரு பல் விழுந்தால் காரணம் ஈறு நோய்தான் என்று துணிந்து எழுத முடிந்தது. 1970, 71, 73, 77, 82, 85 என ஆறு முறை, அதே இரண்டு பரிசோதகர்கள் வந்து அளந்தார்கள்.

அளந்தது எதை என்று சற்று நின்று பார்க்க வேண்டும். ஈறு நோயில் நோயாளியும் சில வேளை மருத்துவரும் ஏமாறுவது இங்கேதான். பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்கள் இருக்கின்றன. அவைதான் வேரைத் தாடை எலும்போடு பிணைக்கின்றன. நல்ல ஈற்றில் பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே 1 முதல் 3 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம் இருக்கும். நோய் வந்தால் நார்கள் மேலிருந்து ஒவ்வொன்றாக அறுந்து பள்ளம் பையாக ஆழமாகும். நுனி சுமார் அரை மி.மீ. தடிப்புள்ள, கோடு போட்ட கம்பியை 20 முதல் 25 கிராம் அழுத்தத்தில் உள்ளே விட்டு, எங்கே தடுக்கிறதோ அதுவரை படிக்கிறார்கள். இது பையின் ஆழம். ஆனால் ஈற்றின் விளிம்பு நிலையானது அல்ல. வீங்கினால் ஏறும், சுருங்கினால் இறங்கும். அதனால் நகராத ஓர் இடத்திலிருந்து கணக்கிட வேண்டும். பல்லில் எனாமல் முடிந்து வேர் தொடங்கும் கோடு அந்த இடம். அங்கிருந்து பையின் அடி வரை உள்ள தூரமே பற்றிழப்பு.

ஒருவருக்குப் பை 5 மி.மீ.; ஈறு வீங்கி அந்தக் கோட்டுக்கு மேலே 2 மி.மீ. ஏறி நிற்கிறது. பற்றிழப்பு 3 மி.மீ. இன்னொருவருக்குப் பை 3 மி.மீ. மட்டுமே, ஆனால் ஈறு 4 மி.மீ. இறங்கி வேர் தெரிகிறது. பற்றிழப்பு 7 மி.மீ. பையை மட்டும் பார்த்தால் முதல் ஆள்தான் மோசம் என்று தோன்றும். உண்மையில் இரண்டாம் ஆளின் பல்லுக்குத்தான் பிடிமானம் குறைவு.

அளவிலேயே பிழையும் உண்டு. கம்பியைச் சற்று சாய்த்துப் பிடித்தாலோ, காரையில் நுனி தட்டி நின்றாலோ 1 மி.மீ. மாறிவிடும். அழற்சியுள்ள ஈற்றில் கம்பி நாருக்குள்ளும் கொஞ்சம் இறங்கும். சிகிச்சைக்குப் பின் பை குறைந்ததாகத் தெரிவதில் ஒரு பங்கு திசு இறுகியதால் வருவது. நோயோ ஆண்டுக்கு 0.1, 0.2 மி.மீ. நகர்கிறது. 1 மி.மீ. பிழையுள்ள கருவியால் 0.1 மி.மீ. வேகத்தை ஓர் ஆண்டில் பிடிக்கவே முடியாது. 15 ஆண்டு ஆட்களை மாற்றாமல் அளந்ததன் காரணம் இதுதான்.

1986இல் முடிவு வெளிவந்தது. வேகக் குழுவுக்கு 35 வயதில் சராசரிப் பற்றிழப்பு சுமார் 9 மி.மீ., 45இல் சுமார் 13. பல் வேரின் நீளமே 12 முதல் 16 மி.மீ.தான் என்பதை நினைவில் வைத்தால் 13 என்றால் என்ன என்று விளங்கும். இவர்களுக்கு 20 வயதிலேயே பல் விழ ஆரம்பித்தது. 35இல் 12 பல், 40இல் 20 பல் போயிருந்தன; 45இல் வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லை. நிதானக் குழுவுக்கு 35இல் சுமார் 4 மி.மீ., 45இல் 7. முப்பதுக்குப் பிறகே பல் விழத் தொடங்கி 45க்குள் சராசரியாக 7 பல் போயிற்று. நகராக் குழுவுக்கு 35 வயதிலும் 1 மி.மீ.க்குக் குறைவு, பல் இழப்பு இல்லை என்றே சொல்லலாம். மூன்று குழுவுக்கும் அதே படலம், அதே காரை, அதே ஈறு வீக்கம்.

ஆக, ஈறு வீக்கம் எல்லாருக்கும் வரும்; எலும்பு கரைவது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே அழுக்கு, மூன்று வேறு முடிவு. இந்த வேறுபாட்டை உண்டாக்குவது எது என்பதே அதற்குப் பிந்தைய ஈறு ஆராய்ச்சியின் முதன்மைக் கேள்வியாயிற்று.

பதிலின் ஒரு பாதி உடலின் எதிர்ப்பு முறையில் இருக்கிறது. எலும்பைப் பாக்டீரியா நேராகத் தின்பதில்லை. படலத்தை எதிர்க்க ஈற்றுக்குள் குவியும் வெள்ளணுக்கள் கொலாஜன் நாரை வெட்டும் நொதிகளைக் கொட்டுகின்றன. அழற்சி நீடித்தால் எலும்பைக் கரைக்கும் செல்களுக்குத் தூண்டுதல் கூடுகிறது. காவலுக்கு வந்த படையே வீட்டை இடிக்கிற கதை. படை அறவே பலவீனமாக இருந்தாலும் ஆபத்துதான். பாப்பியோன்–லெஃபெவ்ர் என்ற அரிய மரபுக் குறைபாட்டில், வெள்ளணுவின் ஒரு நொதி வேலை செய்யாததால், குழந்தைகளுக்குப் பால் பற்களே ஈறு நோயால் விழுந்துவிடும். 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 117 இரட்டையர் இணைகளை ஒப்பிட்டு, வயதுவந்தோருக்கு இடையே காணும் ஈறு நோய் வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி மரபு வழியானது என்று கணக்கிட்டது. மிச்சப் பாதியில் புகை, சர்க்கரை நோய், வாயிலுள்ள பாக்டீரியாக் கூட்டத்தின் தன்மை எல்லாம் வருகின்றன. போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற ஒரு பாக்டீரியா குறைந்த எண்ணிக்கையில் இருந்தாலே எதிர்ப்பு முறையைக் குழப்பி, மற்றக் கிருமிகளைத் தலைதூக்க வைக்கிறது என்பது இப்போதைய புரிதல்.

இனித் தவறான வாசிப்பு. "100இல் 11 பேருக்குத் துலக்காமலே ஒன்றும் ஆகவில்லை, எல்லாம் பரம்பரை, காரை எடுப்பதெல்லாம் வீண் செலவு" என்று படித்தவர்களே சொல்வதுண்டு. இதற்குப் பதில் அதே ஆய்வின் மறு தரப்பில் இருக்கிறது. 40 வயதை நெருங்கியபோது ஒஸ்லோக்காரர்களின் சராசரிப் பற்றிழப்பு 1.5 மி.மீ.க்குச் சற்று மேல், மலையகத்தில் 4.5 மி.மீ. பல்லிடுக்கில் ஆண்டுக்கு ஒஸ்லோவில் 0.1 மி.மீ.க்கும் குறைவு, மலையகத்தில் 0.3. இரு நாட்டாருக்கும் மரபும் உணவும் வாழ்க்கையும் வேறு என்பதால் இடைவெளி முழுவதையும் பிரஷ் கணக்கில் எழுதிவிட முடியாதுதான். ஆனால் ஸ்வீடனின் கார்ல்ஸ்டாடில் 1970களின் தொடக்கத்தில் 375 பேரைச் சேர்த்து, முதல் ஆறு ஆண்டு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பல்லைச் சுத்தம் செய்து, துலக்கும் முறையையும் திருத்தி, பிறகு தேவைக்கேற்ற இடைவெளியில் 30 ஆண்டு தொடர்ந்தார்கள். கடைசி வரை இருந்த 257 பேர் அந்த 30 ஆண்டில் இழந்தது, வயதுக் குழுவைப் பொறுத்து, சராசரியாக 0.4 முதல் 1.8 பல். அதிலும் பெரும்பாலானவை வேர் முறிந்து எடுத்தவை. ஈறு நோயால் போனவை மிகச் சில. அந்த 375 பேரிலும் வேகக் குழு உடல்வாகு உள்ளவர்கள் இருந்திருப்பார்கள். படலம் நிற்க விடாததால் அந்த உடல்வாகுக்கு வேலை வரவில்லை.

மேலும், ஒருவர் அந்த 11 பேரைச் சேர்ந்தவரா, 8 பேரைச் சேர்ந்தவரா என்பதைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்ல முடியாது. வலியும் சொல்லாது; பல் ஆடும்வரை பெரும்பாலோருக்கு வலியே இருப்பதில்லை. புகைபிடிப்பவருக்கு ஈற்றின் மேல் ரத்த ஓட்டம் சுருங்குவதால் ரத்தக் கசிவுகூடக் குறைந்து, ஈறு நன்றாக இருப்பது போலவே தோன்றும்.

இந்த ஆய்வை அறம் சார்ந்தும் கேள்வி கேட்க வேண்டும். அளக்க வந்தவர்கள் சிகிச்சை தரவில்லை. நோயின் இயற்கைப் போக்கைப் பார்ப்பதே திட்டம். காரையை எடுத்திருந்தால் திட்டம் கெட்டுப்போயிருக்கும். ஆனால் காரையை எடுத்துத் துலக்கக் கற்றுக்கொடுத்தால் ஈறு தேறும் என்பதை ஒஸ்லோத் தொழிலாளர்களிடமே காட்டி 1961இல் கட்டுரை வந்தாயிற்று. மருத்துவ ஆய்வுக்கான ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் வந்தது. அமெரிக்காவின் டஸ்கீகியில் கறுப்பின ஆண்களின் சிபிலிஸ் நோயை 40 ஆண்டு வைத்தியம் பார்க்காமல் வேடிக்கை பார்த்தது 1972இல் அம்பலமானது. பல் விழுவதும் உயிர் போவதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது. ஆனாலும் 20 வயதில் பல் விழத் தொடங்கிய இளைஞனை 1970 முதல் ஒவ்வொரு முறையும் அளந்து எழுதிக்கொண்டு திரும்பியதற்கு "அவர்களுக்கு எப்படியும் வைத்தியம் கிடைத்திருக்காது" என்பது போதிய பதிலாகாது.

அந்த மனிதர்கள் வாழ்ந்த காலமும் லேசானது அல்ல. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் லட்சக்கணக்கான தோட்ட மக்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. 1970களின் நடுவில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1974 வாக்கில் தோட்டப்பகுதியில் கடும் உணவுத் தட்டுப்பாடு. 480 பேரில் 1985இன் கடைசிப் பரிசோதனைக்கு வந்தவர்கள் 161. இன்னொரு குறையும் உண்டு: ஆய்வில் சேர்த்தது ஆண்களை மட்டும். கொழுந்து பறிக்கும் பெண்களின் வாயை யாரும் அளக்கவில்லை. கர்ப்ப காலத்தில் ஈறு வீக்கம் கூடும் என்பது தெரிந்த செய்தி. அதனால் 8, 81, 11ஐ மனித குலம் முழுவதற்கும் பொருத்துவதில் எச்சரிக்கை வேண்டும்.

2010இல் வேறொரு குழு திரும்பிப் போய் 75 பேரைத் தேடிப்பிடித்துப் பார்த்தது. 40 ஆண்டில் சராசரியாக 13.1 பல் போயிருந்தது. 4 பேருக்கு ஒரு பல்லும் போகவில்லை. 12 பேருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நோய் தொடங்குவதோடு புகையும் காரையும், முற்றுவதோடு காரையும் படலமும் ஈறு வீக்கமும் சேர்ந்து நின்றன. நடைமுறைக்கு உதவும் எண் ஒன்றும் கிடைத்தது: 30 வயதில் சராசரிப் பற்றிழப்பு 1.81 மி.மீ.க்குக் கீழே இருந்தவர்களே 60 வயதில் 20 பல்லாவது மிஞ்சும் கூட்டத்தில் பெரும்பாலும் இருந்தார்கள். நூறு சதவீதம் பலிக்கும் சோதிடம் அல்ல. பத்துக்கு ஏழு சரியாக இருக்கும் கணிப்பு.

நோயை வேகத்தால் தரம் பிரிக்கும் இந்த எண்ணம் 2018இல் உலக அளவில் வெளியான புதிய வகைப்பாட்டில் முறையாக இடம்பெற்றது. 5 ஆண்டில் பற்றிழப்பு கூடவே இல்லை என்றால் ஏ தரம், 2 மி.மீ.க்குக் குறைவாகக் கூடினால் பி. 2 அல்லது மேல் என்றால் சி. பழைய பதிவு இல்லாதவருக்கு எக்ஸ்ரேயே துணை: மிக மோசமான பல்லில் எலும்பு எத்தனை விழுக்காடு கரைந்திருக்கிறது என்று பார்த்து அதை வயதால் வகுக்கிறார்கள். 0.25க்குக் கீழே ஏ, 1 வரை பி, 1ஐத் தாண்டினால் சி. 60 வயதில் 30 விழுக்காடு கரைந்திருந்தால் 0.5, பி தரம். 30 வயதில் 40 விழுக்காடு என்றால் 1.33, சி தரம். எக்ஸ்ரேயில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் இளையவருக்குத்தான் அவசரம். நாளுக்கு 10 சிகரெட்டோ மேலோ பிடித்தாலும், சர்க்கரை நோயில் மூன்று மாதச் சராசரி அளவு (HbA1c) 7 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தாலும் தரம் 'சி' ஆகிவிடும். சர்க்கரை நோயாளிக்கு ஈறு சிகிச்சை செய்தால் அந்த அளவு 0.4 விழுக்காட்டுப் புள்ளி போலக் குறைவதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. மருந்துச் சீட்டு எழுதும்போது இதை நினைக்கிறவர்கள் குறைவு.

நடைமுறையில் தவறிப்போவது அளவெடுப்பதுதான். ஒரு பல்லுக்கு 6 இடம், 28 பல்லுக்கு 168 இடம். கம்பியை விட்டு எண்ணைச் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுத வேண்டும். கூட்டமான கிளினிக்கில் இதை விட்டுவிட்டு நேராகக் காரை எடுக்கும் கருவியைக் கையில் எடுப்பார்கள். அப்போது தொடக்க அளவு இல்லாமல் போகிறது. ஐந்தாண்டு கழித்து ஒப்பிட ஏதும் இருக்காது. முப்பது வயதுக்காரர், அதிலும் பெற்றோருக்குச் சிறு வயதில் பல் விழுந்திருந்தால், முழு வாய்க்கும் ஒருமுறை அளவெடுக்கச் சொல்லி அந்தப் பதிவின் நகலை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

"கிளீனிங் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும்" என்ற பயம் வீட்டுக்கு வீடு இருக்கிறது. கீழ் முன்பற்களின் உட்புறமும் மேல் கடைவாயின் கன்னப்புறமும் உமிழ்நீர்க் குழாய் திறக்கும் இடங்கள்; காரை கெட்டியாகச் சேர்வது அங்கேதான். அங்கே எலும்பு ஏற்கெனவே கரைந்த பற்களைக் காரையே சிமெண்டு போலக் கட்டி வைத்திருக்கும். எடுத்தபின் ஆட்டமும் இடைவெளியும் தெரியவருகின்றன. கருவி உண்டாக்கியவை அல்ல. வீங்கிய ஈறு வடிவதால் பல் நீண்டது போலவும் தோன்றும், சில வாரம் கூச்சம் இருக்கும். துலக்கும்போது ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் துலக்குவது இன்னொரு தவறு. அந்த இடத்தில்தான் படலம் நிற்கிறது. பிரஷ் பல்லிடுக்குக்குள் போகாது. மலையக ஆய்வில் பல்லிடுக்கே அதிகம் கரைந்தது. இடைவெளி உள்ள இடத்தில், திணிக்காமல் ஆனால் இறுக்கமாக நுழையும் அளவில் பல்லிடுக்குப் பிரஷ் வாங்க வேண்டும். பல் நெருக்கமாக இருந்தால் நூல்.

ஆழப் பைகளைச் சுத்தம் செய்தபின் இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி அளக்க வேண்டும். அதற்கு முன் அளந்தால் திசு ஆறியிருக்காது. ரத்தம் கசியாத இடம் அடுத்து மோசமாவது மிக அரிது. கசிகிற இடமெல்லாம் மோசமாவதில்லை. ஆனால் 4 மி.மீ. அல்லது மேல் ஆழமும் கசிவும் சேர்ந்திருந்தால் அங்கே வேலை பாக்கி. 6 மி.மீ.க்கு மேல் நின்றுவிட்டால் ஈற்றைத் திறந்து வேரைச் சுத்தம் செய்யும் அறுவைச் சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும். சி தரத்தவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏ தரத்தவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தாலே போதும். எல்லாருக்கும் ஆறு மாதம் என்று ஒரே சீட்டைக் கொடுப்பது, வேகக் குழுவுக்குக் குறைவாகவும் நகராக் குழுவுக்கு மிகையாகவும் முடிகிறது.